தூங்குமூஞ்சி ஓப்பனிங்கில் எச்7 பலி: எனக்கு மட்டும் ஏன் சொதப்பியது?

ஞாயிறு ஆட்டக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 43. கணக்கு எழுதும் வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும் ராபிட் (குறைந்த நேரத்தில் ஆடும்) செஸ் போட்டிக்குப் போவேன். ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் ஆரம்ப மூவ்களை, மனப்பாடம் செய்ய நேரமும் இல்லை, மூளையும் இல்லை. அதனால் வெள்ளைக்காய் வந்தால் எப்போதும் கோல்லே சிஸ்டம்தான். டி4, இ3, சி3 கட்டங்களில் மூன்று சிப்பாய்கள், எஃப்3-லும் டி2-விலும் குதிரைகள், டி3-ல் மந்திரி (பிஷப்), அப்புறம் கேஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி யானையைப் பக்கத்தில் கொண்டு வருவது). எதிராளி என்ன வைத்தாலும் முதல் ஏழு மூவ் கை தானாகப் போகும்.

போன மாதம் ஒரு வீடியோ பார்த்தேன். பழைய காலத்து ஆட்டம் ஒன்றில் இதே கோல்லேயில் வெள்ளை மந்திரியை எச்7-ல் பலி கொடுத்து, குதிரையை ஜி5-க்கு ஏற்றி, கறுப்பு ராஜாவை வெளியே இழுத்துச் சாத்திவிட்டார்கள். நாலு வருடமாக நான் ஆடும் ஓப்பனிங்கில் இப்படி ஒரு விஷயம் இருக்கிறதா என்று தூக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ரவுண்டு. எதிரே ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண். ஆட்டம் இப்படிப் போனது:

1. டி4 டி5
2. குதிரை எஃப்3, குதிரை எஃப்6
3. இ3 இ6
4. மந்திரி டி3, மந்திரி இ7
5. குதிரை (பி1-லிருந்து) டி2, சி5
6. சி3, கேஸ்லிங்
7. கேஸ்லிங், பி6
8. இ4, மந்திரி பி7
9. இ5, குதிரை (எஃப்6-லிருந்து) டி7

எச்7-க்குக் காவலாக இருந்த குதிரை போய்விட்டது. வீடியோவில் பார்த்த மாதிரியே இருக்கிறதே என்று 10-வது மூவில் மந்திரியால் எச்7-ஐ வெட்டி செக் வைத்தேன். ராஜா என் மந்திரியை வெட்டியது. 11. குதிரை ஜி5 செக். அந்தப் பெண் அஞ்சு நொடிகூட யோசிக்கவில்லை. இ7 மந்திரியால் என் குதிரையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தது. 12. ராணி எச்5 செக், மந்திரி எச்6. முடிந்தது. இரண்டு காய் காலி, கையில் இருப்பது ஒரு சிப்பாய். 18-வது மூவில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன். அவள் அப்பா வந்து, "நல்லா தைரியமா ஆடினீங்க சார்" என்றார். அதுதான் தாங்கவில்லை.

என் கேள்வி: அங்கே வேலை செய்தது இங்கே ஏன் செய்யவில்லை? இப்படி ஒரு சாதுவான ஓப்பனிங்கில் எப்போது பலி கொடுக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூணு நிமிஷம் எழுதியது:

செஸ் என்ஜினில் (ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் புரோகிராமில்) போட்டுப் பாருங்க தலைவா, ஒரே செகண்டில் சொல்லிவிடும். 10-வது மூவில் யாருக்குச் சாதகம் என்று காட்டும் மீட்டர் கிணற்றில் விழுந்திருக்கும். கோல்லே எல்லாம் ரிட்டயர் ஆனவர்கள் ஆடுவது. முதல் மூவே இ4 ஆடுங்க.

பழைய நோட்டு எழுதியது:

ரிட்டயர் ஆனவன் வந்துவிட்டேன் தம்பி.

ஞாயிறு ஆட்டக்காரரே, நீங்கள் பார்த்த ஆட்டம் எதுவென்று எனக்குத் தெரியும். பிரான்ஸின் நைஸ் நகரம், 1930. வெள்ளையில் எட்கார் கோல்லே, கறுப்பில் அயர்லாந்தின் ஓஹான்லன். நான் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக (தபால் பிரிப்பவராக) இருந்த நாட்களில், இரவு ஷிஃப்டில் வண்டி தாமதமானால் ஆட்டங்களை நீள நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். அந்த நோட்டின் நாலாவது பக்கம் இந்த ஆட்டம். எண்ணெய்க் கறை, அட்டை போய்விட்டது, ஆனால் எழுத்து நன்றாகவே இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். நீங்கள் மந்திரி என்று பிஷப்பைச் சொல்கிறீர்கள். எங்கள் பாட்டனார் ராணியைத்தான் மந்திரி என்பார். நான் உங்கள் வழக்கப்படியே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

அந்த ஆட்டத்தின் முதல் எட்டு மூவ் உங்கள் ஆட்டம் மாதிரியேதான், பார்த்தால் கொட்டாவி வரும். கறுப்பு மந்திரி இ7-ல் இல்லாமல் டி6-ல் இருக்கிறது, ஒரு குதிரை டி7-ல், மற்றது எஃப்6-ல். இரண்டு பேரும் கேஸ்லிங் செய்து, இரண்டு பேரும் யானையை இ வரிசைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். வெள்ளையின் சி1 மந்திரி இ3 சிப்பாய்க்கும் டி2 குதிரைக்கும் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. கோல்லேயைத் திட்டுபவர்கள் எல்லோரும் இந்த மந்திரியைக் காட்டித்தான் திட்டுவார்கள்.

இப்போது 9. இ4. இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஆட்டமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓஹான்லன் டி5 சிப்பாயால் இ4-ஐ வெட்டினார். 10-ல் டி2 குதிரை இ4-ஐ வெட்டியது. எஃப்6 குதிரை அந்தக் குதிரையை வெட்டியது. 11-ல் டி3 மந்திரி இ4-ஐ வெட்டியது. வெறும் கொடுக்கல் வாங்கல், யாருக்கும் லாபமில்லை என்று தோன்றும். ஆனால் பலகையிலிருந்து போனது என்னென்ன? எச்7-க்குக் காவல் இருந்த கறுப்புக் குதிரை போனது. சி1 மந்திரியை மறைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் குதிரை போனது. இ3 சிப்பாயும் இ4-க்கு வந்து வெட்டுப்பட்டது. சி1-லிருந்து எச்6 வரை ஒரே நேர்கோடு, நடுவில் ஒரு காய் கிடையாது. மந்திரி ஒரு கட்டம்கூட நகரவில்லை. அதை மறைத்தவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அப்போதும் கறுப்பு டி7 குதிரையை எஃப்6-க்குக் கொண்டு வந்திருந்தால் காவல் திரும்பியிருக்கும். அவர் சி5 சிப்பாயால் டி4-ஐ வெட்டினார். 12. மந்திரி எச்7-ஐ வெட்டி செக், ராஜா வெட்டியது. 13. குதிரை ஜி5 செக். இங்கே கறுப்பு ராணி டி8-லிருந்து ஜி5 குதிரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வெட்டினால்? சி1 மந்திரி ராணியை எடுத்துக்கொள்ளும். அதனால் வெட்ட முடியாது.

உங்கள் ஆட்டத்தில் ஜி5-ஐ யார் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். கறுப்பில் இ7 மந்திரி, அதற்குப் பின்னால் டி8 ராணி. உங்கள் பக்கம் யாரும் இல்லை. சி1 மந்திரிக்கு முன்னால் உங்கள் டி2 குதிரையே குறுக்கே நிற்கிறது. வீடியோவில் வெள்ளை இ4 வைத்தது சிப்பாய்களை மாற்றிக்கொள்ள. நீங்கள் இ4 வைத்துவிட்டு இ5-க்குத் தள்ளினீர்கள். கறுப்புக் குதிரை ஓடியது சரி, ஆனால் உங்கள் குதிரை டி2-விலேயே உட்கார்ந்துவிட்டது. எச்7-ல் வாசலைத் திறந்துவிட்டு உங்கள் வீட்டு வாசலைப் பூட்டிக்கொண்டீர்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், கை அரிக்கிறது. ராஜா ஜி6-க்கு ஏறினார். 14. எச்4, அடுத்து எச்5 வரப்போகிறது. கறுப்பு யானையை எச்8-ல் வைத்தார். 15. யானை இ6-ஐ வெட்டி செக்! எஃப்7 சிப்பாயால் அந்த யானையை வெட்டினால் 16. ராணி டி3 செக், ராஜா எஃப்6, 17. ராணி எஃப்3 செக். இப்போது ராஜா இ7-க்கு ஓடினால் எஃப்7-ல் ராணி, செக்மேட். அதனால் ஓஹான்லன் குதிரையை எஃப்6-ல் குறுக்கே வைத்தார். 16. எச்5 செக், ராஜா எச்6. 17. யானை டி6 மந்திரியை எடுத்தது. ராணியால் அந்த யானையை வெட்ட முடியாது: குதிரை எஃப்7-ஐ வெட்டினால் குதிரையும் செக், பின்னால் திறந்த சி1 மந்திரியும் செக், ராஜா ஓடியே ஆக வேண்டும், டி6-ல் ராணி குதிரைக்கு இரை. ராணி ஏ5-க்கு ஒதுங்கியது. 18. குதிரை எஃப்7-ஐ வெட்டி அதே இரட்டை செக், ராஜா எச்7. 19. குதிரை ஜி5 செக், ராஜா ஜி8. 20. ராணி பி3 செக். கறுப்பு கை கொடுத்தார். ராஜா எஃப்8-க்குப் போனால் எஃப்7-ல் மேட்.

இந்த ஆட்டத்தை இருபது தடவையாவது வைத்துப் பார்த்திருப்பேன். ஒரு நாள் திடீரென்று கண்ணில் பட்டது: வெள்ளை ராணி மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு முறைதான் நகர்கிறது, அதுவும் கடைசி மூவில். சி1 மந்திரியும் ஏ1 யானையும் ஒரு முறைகூட நகரவில்லை.

கோல்லேயைப் பற்றி இரண்டு வார்த்தை. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்காரர், 1897-ல் பிறந்தவர். வயிற்றுப் புண் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. 1932-ல் அப்படி ஒன்றுக்குப் பிறகு இறந்துபோனார், வயது 34. அதற்குள் ஆறு முறை பெல்ஜிய சாம்பியன். 1926-ல் ஆம்ஸ்டர்டாமில் அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களான டார்டகோவரையும் யூவேயையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம். இவர் ஓப்பனிங்கைப் பின்னாளில் ஊர் ஊராகப் பரப்பியவர் இன்னொரு பெல்ஜியரான கோல்டனாவ்ஸ்கி. 1937-ல் எடின்பரோவில் 34 பேரோடு ஒரே நேரத்தில் பலகையைப் பார்க்காமல் ஆடியவர். நமக்கு ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டே டி2 குதிரை தெரிய மாட்டேன் என்கிறது.

நமக்கு என்று சும்மா சொல்லவில்லை. எனக்கும் இதே கதைதான். அஞ்சலட்டையில் ஆடிய காலம், எதிராளி வேறு ஊர் பள்ளிக்கூட வாத்தியார். மந்திரியை எச்7-ல் வெட்டி அட்டை எழுதிப் பெட்டியில் போட்டேன். அன்று இரவு டீ குடிக்கும்போது டி2-வில் என் குதிரை நிற்பது ஞாபகம் வந்தது. அந்த ஊருக்குப் போகும் பையை அன்று கட்டியது நான்தான். அட்டை உள்ளே இருக்கிறது, முத்திரை குத்தியாகிவிட்டது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை, வேலை போய்விடும். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது: "மந்திரி ஜி5-ஐ வெட்டுகிறது. நலம்தானே?" நான் எழுதாத குதிரை மூவுக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிட்டார் அந்த மனிதர்.

ஞாயிறு ஆட்டக்காரன் எழுதியது:

ஐயா, பஸ்ஸில் படித்துக்கொண்டே சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஜி5 கணக்கு புரிந்தது. அப்படியென்றால் கறுப்பு மந்திரி இ7-ல் இருந்தாலே பலியை மறந்துவிட வேண்டுமா? என் ஊரில் பாதிப் பேர் மந்திரியை இ7-ல்தான் வைக்கிறார்கள். இன்னொன்று, 9. இ5-க்குப் பதில் நான் என்ன வைத்திருக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இடையில் நுழைகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவள் நான்.

மந்திரி இ7-ல் இருந்தாலும் பலி கொடுக்கும் நிலைகள் உண்டு. ஆனால் அதற்கு வெள்ளை எச்4 வைத்திருக்க வேண்டும், யானை எச்1-லேயே இருக்க வேண்டும். மந்திரி ஜி5 குதிரையை வெட்டினால் எச்4 சிப்பாய் அதை வெட்டும், எச் வரிசை திறக்கும், யானை நேராக ராஜாவைப் பார்க்கும். நீங்கள் கேஸ்லிங் செய்து யானையை எஃப்1-க்குக் கொண்டு போய்விட்டதால் அந்த வழி அடைப்பு.

9-வது மூவைப் பற்றி: இ5 வைத்தது தப்பில்லை. 10-வது மூவில்தான் அவசரம். யானை இ1, அப்புறம் டி2 குதிரையை எஃப்1 வழியாக ஜி3-க்குக் கொண்டு போனால் சி1 மந்திரிக்கு வழி தானாகத் திறக்கும். ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரியாக இருந்தால் அதற்குள் பி7 மந்திரியை ஏ6-க்குக் கொண்டு வந்து உங்கள் டி3 மந்திரியை மாற்றிவிடுவாள். அப்புறம் எச்7-ஐ வெட்ட ஆளே இருக்காது. அந்த ஓட்டத்தில் யார் முந்துகிறார்கள் என்பதுதான் ஆட்டம். இதையெல்லாம் நாலு மூவ் முன்னாலேயே பார்த்தாக வேண்டும்.

பழைய நோட்டு ஐயாவிடம் ஒரு சண்டை. அந்த நைஸ் ஆட்டத்தை ஏதோ கல்வெட்டு மாதிரி சொல்கிறீர்கள். 13-வது மூவில் ராஜா ஜி6-க்கு ஏறாமல் ஜி8-க்கே திரும்பியிருந்தால்? 14. ராணி எச்5, குதிரை இ5! அந்தக் குதிரை எஃப்7-ஐக் காக்கிறது. 15. யானை குதிரையை வெட்டுகிறது, டி6 மந்திரி யானையை வெட்டுகிறது. 16. ராணி எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா எச்8. 17. ராணி எச்5 செக், ராஜா ஜி8. மறுபடி எஃப்7 செக். இப்படியே மாறி மாறி செக் கொடுத்து டிரா. எச்7, எச்8 என்று துரத்திப் போய் ஜி7 சிப்பாயை வெட்டலாமே என்று என் மாணவன் ஒருவன் ஆசைப்பட்டான், ஆனால் இ5 மந்திரி அங்கே ராணியையே எடுத்துவிடும். எனக்குத் தெரிந்து வெள்ளைக்கு இங்கே டிராவுக்கு மேல் ஒன்றும் இல்லை. கோல்லே பலி கொடுத்தபோது வெற்றி கையில் இருந்தது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய நோட்டு எழுதியது:

அம்மா, நியாயம். என் நோட்டில் அந்த வரி இல்லை. இன்று மத்தியானம் பலகையில் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொல்வதுதான் சரி. பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் நான் இன்னும் அந்தப் பலியைக் கொடுப்பேன். காரணம் உங்கள் வரியிலேயே இருக்கிறது. கறுப்பு மிகச் சரியாக ஆடினாலும் வெள்ளைக்கு டிரா பத்திரம். ஒரு இடத்தில் தவறினால் ராஜா எச்6-ல் நிற்க வேண்டியதுதான். நம் ஞாயிறு ஆட்டக்காரர் கொடுத்த பலியில் கறுப்பு முதல் மூவைச் சரியாக வைத்ததுமே கடை மூடியாகிவிட்டது. இரண்டுக்கும் பெயர் பலிதான், என்ன செய்வது.

எச்7 பலி என்பது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கும் இல்லை. இத்தாலிக்காரர் கிரேக்கோ 1620 வாக்கில் எழுதி வைத்த ஆட்டங்களிலேயே இருக்கிறது. அமைதியான ஓப்பனிங்கிலிருந்து இன்னும் பெரிய பலி வேண்டுமென்றால் பின்னாளில் உலக சாம்பியனான லாஸ்கர் பாவரோடு ஆடிய ஆட்டம், ஆம்ஸ்டர்டாம் 1889. எஃப்4, பி3 என்று சாதுவாக ஆரம்பித்து 15-வது மூவில் ஒரு மந்திரி எச்7-ல், 17-வது மூவில் அடுத்த மந்திரி ஜி7-ல். அதிலும் எனக்குப் பிடித்தது பலிகள் இல்லை, 22. ராணி டி7. புகை அடங்கினதும் ராணி ஒரே நேரத்தில் பி7, இ7 என்று இரண்டு மந்திரிகளையும் குறிவைக்கிறது, ஒன்று போகத்தான் வேண்டும். அதை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூணு நிமிஷம் எழுதியது:

லாஸ்கர் ஆட்டம் பார்த்தேன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோல்லே ஆட மாட்டேன்.

ஞாயிறு ஆட்டக்காரன் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். அலமாரியில் கிடந்த பழைய ஸ்கோர் ஷீட்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். கோல்லே ஆடியது மொத்தம் 31 ஆட்டம். அதில் மூன்றில் இ4-ல் எல்லாம் வெட்டி முடிந்து, என் மந்திரி இ4-ல், எதிரே எச்7-க்குக் காவலே இல்லை, சி1-லிருந்து கோடு திறந்து கிடக்கிறது. மூன்றிலும் நான் மந்திரியை சி2-க்கு இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் அடுத்த மூவிலேயே டிரா கேட்டிருக்கிறேன், ஓரத்தில் என் கையெழுத்தில் "சமநிலை" என்று வேறு எழுதியிருக்கிறது.

போன ஞாயிறு மறுபடி அதே பெண். இந்த முறை எனக்குக் கறுப்பு. டி4, இ3, மந்திரி டி3 என்று அவள் கோல்லே ஆட ஆரம்பித்ததும் எனக்குக் கை வியர்த்துவிட்டது. 9-வது மூவில் இ4 வைத்தாள். நான் வெட்டவில்லை. எச்6 வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. 52 மூவ், யானை முடிவாட்டம், டிரா.